ஐஸ் பெட்டியில் தங்கிய வெளிச்சம்

தேரிமுனையில் செத்தவர்கள், தூக்கிக்கொண்டு போன பிறகும் மினுங்கத் தொடங்கியது, தங்கப்புஷ்பத்தின் ஐஸ் பெட்டிக்கு மேல்கண்ணாடி மாற்றிய வருஷத்துக் கோடையில்தான். அதுவரைக்கும் அந்த ஊரில் செத்தவர்கள் ஒழுங்கு மரியாதையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அழ வேண்டியவர்கள் அழுவார்கள், குடிக்க வேண்டியவர்கள் குடிப்பார்கள், பந்தல்காரன் பந்தலைப் பிரித்துக்கொண்டு போவான், பதினாறாம் நாள் விசேஷத்துச் சோற்றில் உப்புக் குறைவு என்று சொல்லிக் கைகழுவிவிட்டு எல்லாரும் செத்தவரை மறந்துபோவார்கள். நாலு பக்கமும் உப்பளத்தை வைத்துக்கொண்டு சோற்றில் உப்புக் குறைவு என்று சொல்லத் தெரிந்த ஜனம் அது.

தங்கப்புஷ்பம் அந்த ஊரில் பிறந்து, அந்த ஊரிடம் அடிபட்டு, அந்த ஊரிடமிருந்தே பிடுங்கித் தின்று முன்னுக்கு வந்தவள். பிளாஸ்டிக் நாற்காலி, சாமியானா, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுவாள். எல்லாவற்றுக்கும் மேலே அவளிடம் ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. எடுக்கும் வரைக்கும் பிணம் கெடாமல் கிடக்க, கரண்டில் ஓடுகிற, மேலே கண்ணாடி மூடி போட்ட நீளப் பெட்டி. ஊருக்கு அது ஒன்றுதான். பேரம் என்று உட்கார்ந்தால் எமனிடமும் எருமைக்குத் தனி வாடகை கேட்பாள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.

பழைய மூடி உடைந்தது அவளுடைய டிரைவர் தவசியால். வேகத்தடை இருக்கிறது என்று தெரிந்தே குட்டியானை வண்டியை அதன் மேல் பறக்கவிட்டான். அவனை வண்டியோடு சேர்த்து வைதுகொண்டே தூத்துக்குடிக்குப் போய், ஒரு பழைய சாமான் கிடங்கில் அவள் அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். எவனோ ஒரு ஜவுளிக்கடைக்காரன் மாடிப்படிக்கென்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. படி கட்டி முடியுமுன் கடை முங்கிப்போனது.

"ரேடியம் கண்ணாடிக்கா. பகல்ல வெளிச்சத்தத் தின்னுட்டு இருட்டுல கக்கும்" என்றான் கிடங்குக்காரன்.

"தின்னுட்டுக் கக்குததுக்கு எங்க ஊர்ல ஆளு இருக்கு. நீ விலையச் சொல்லு" என்றாள் தங்கப்புஷ்பம்.

அவன் சொன்ன விலையில் பாதியைக் கேட்டு, பாதிக்கு அவன் இறங்கியதும் அதிலும் ஒரு மூலை கீறியிருப்பதைக் காட்டி, கடைசியில் அவனே வண்டியில் ஏற்றிவிடும்படி பண்ணிவிட்டு வந்து சேர்ந்தாள்.

அந்தக் கண்ணாடிக்குக் கீழே முதலில் படுத்தது ரிட்டயர்டான தபால்காரர் அந்தோணிக்குட்டி. அவரை மாதா கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டியைத் திருப்பி எடுக்கத் தவசி உள்ளே போனால், வெறும் பெட்டியின் கண்ணாடியில் அந்தோணிக்குட்டி படுத்திருக்கிறார். இளம்பச்சை வெளிச்சத்தில் மூக்கு, மூக்குக்குக் கீழே மீசை, கட்டிய கால் பெருவிரல்கள், காது மயிர் முதற்கொண்டு ஒன்றும் குறையவில்லை. அவருடைய மனைவி ரெஜினா வந்து எட்டிப் பார்த்தாள். "செத்தும் எந்திரிக்க மனசு வரல பாரு இந்த மனுசனுக்கு" என்று சொல்லிவிட்டு, அரிசிப் பானையைக் கழுவப் போய்விட்டாள். தவசி பிளக்கைப் பிடுங்கினான். பெட்டி சூடேற ஏற, வெளிச்சம் ஒரு பொங்கு பொங்கி, தபால்காரர் ஒரு நிமிஷம் மாப்பிள்ளை மாதிரி ஜொலித்து, அப்புறம் பால் வற்றுவதுபோல வற்றிக் காணாமல் போனார்.

ஊர் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுவதற்கு மனிதனுக்குக் கொஞ்சம் அடக்கம் வேண்டும். தேரிமுனைக்காரன் வானத்திலிருந்து தேரே இறங்கி வந்தாலும், இதைவிடப் பெரிய தேர் எங்கள் மச்சான் ஊரில் இருக்கிறது என்பான். அதனால் அவர்கள் ஆச்சரியப்படாமல், அளக்க ஆரம்பித்தார்கள். யார் எவ்வளவு நேரம் மினுங்கினார் என்பது கணக்காயிற்று. அந்தோணிக்குட்டி மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நின்றார், பருத்திக்கொட்டை வியாபாரி சாயங்காலம் வரைக்கும் நின்றார், தலைமையாசிரியர் மறுநாள் பால் பாக்கெட் வரும்வரைக்கும் நின்றார் என்று ஊர் பேசியது. கண்ணீர் அஞ்சலி பேனர்களில் செத்தவர் பெயருக்கு முன்னால் பட்டம் போடுவதுபோல "விடிய விடிய ஒளிர்ந்த" என்று அச்சடித்தார்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டில் நகை, நட்சத்திரம் கேட்ட கையோடு "உங்க தாத்தா எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்கள். இருபது வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பிகள், செத்த அப்பன் யார் வீட்டுப் பக்கம் தலை வைத்து மினுங்குவது என்பதற்காக மறுபடியும் பேச ஆரம்பித்து, மறுபடியும் அடித்துக்கொண்டார்கள். நேரத்துக்குப் புண்ணியம் என்று விலை போட்டார்கள். விலை போட்ட பிறகு புண்ணியத்தை எப்படி மலிவாக வாங்கலாம் என்று யோசித்தார்கள்.

கல்யாண வீடியோக்காரனைக் கூப்பிட்டு ஃபோகஸ் லைட்டை அப்பன் முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னது பருத்திக்கொட்டை வியாபாரியின் மகன்தான் முதலில். அப்புறம் லைட் இல்லாத சாவே இல்லை என்றாயிற்று. அழுகிறவர்களை "மறைக்காம தள்ளி நின்னு அழுங்க" என்று விரட்டினார்கள். பெத்த மகள் கண்ணாடிமேல் விழுந்தால், அவள் முதுகு வெளிச்சத்தை மறைக்கிறது என்று தூக்கி ஓரத்தில் உட்காரவைத்தார்கள்.

தங்கப்புஷ்பத்துக்குப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. அவளுக்கு இதில் மர்மம் ஒன்றும் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கி வைத்து, தூக்கி எடுத்துப் பழகியவளுக்கு எல்லாம் கண்ணெதிரே கிடந்தது. பெட்டி குளிர்ந்து கிடக்கிற வரைக்கும் வெளிச்சம் நிற்கும், பிளக்கைப் பிடுங்கினால் போய்விடும். இல்லாதப்பட்டவன் பிணத்தை எடுத்ததும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான், அவன் வீட்டு மனிதர் சீக்கிரம் அணைகிறார். இருக்கப்பட்டவன் வெறும் பெட்டியை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறான், அவன் வீட்டு மனிதர் நின்று எரிகிறார். அவ்வளவுதான்.

"ஏலே, புண்ணியம் பிளக்குல இருக்குடா!" என்று அவள் டீக்கடையில், ரேஷன் கடையில், கருப்பசாமி கோயில் கொடை விழாவில், நடுத்தெருவில் நின்று கத்தினாள்.

"யக்காவுக்குப் பெட்டி சீக்கிரம் திரும்பி வரணும், அதான் இப்படிச் சொல்லுதாவ" என்று சிரித்துவிட்டு, ஊர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தது.

கவுன்சிலர் கோமதிநாயகம் ஒருநாள் தோளில் துண்டோடு வந்தார். "யக்கா, வர்ற எலெக்‌ஷன்ல நிக்கணும். அதுக்கு முன்ன நம்ம நிலவரம் என்னன்னு தெரிஞ்சுக்கிட்டா நல்லதில்லையா? ஒரு கால்மணி நேரம் உள்ள படுத்துப் பாக்கட்டா?"

"உசிரோட படுக்கவனுக்கு ரெட்டை வாடகை. எந்திரிச்சு வாரவனுக்கு மூணு மடங்கு."

அதற்கும் தலையை ஆட்டிவிட்டுப் படுத்தார். தவசி லைட் பிடித்தான். கவுன்சிலர் பல் கிட்டிப்போய் நாலு பேர் கைத்தாங்கலாக வெளியே வந்த பிறகு எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கண்ணாடியில் கோமதிநாயகம் இல்லை. அவர் சட்டைப் பையில் இருந்த செல்போன் மட்டும் தெளிவாக, மூலை விரிசல் உட்பட, மினுங்கிக்கொண்டிருந்தது. "உசிரு இருந்தா ஆடும்லா, அதான் படியல" என்று கவுன்சிலர் தன் கட்சிக்காரர்களிடம் விளக்கம் சொன்னார். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள், எதைத்தான் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை!

இப்படி இருக்கும்போதுதான் பொன்னுலிங்கம் முதலாளி செத்தார்.

பொன்னுலிங்கம் முதலாளி யார் என்று தேரிமுனையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஐஸ் கம்பெனி அவருடையது. பெட்டி வருவதற்கு முன்னால் அந்த ஊரில் சாவு விழுந்தால், வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும் வரை பிணத்தை அவருடைய ஐஸ் பாளத்தின் மேல்தான் கிடத்துவார்கள். கேட்கிறவன் கண்ணில் ஈரம் எவ்வளவு என்று பார்த்து விலை சொல்வார் அந்த மனிதர். தங்கப்புஷ்பத்தின் புருஷன் பால்பாண்டி லாரி கவிழ்ந்து செத்தபோது, அவளுடைய ஒரே மகன் மும்பையில் ஸ்வீட் கடையில் நின்றான். அவன் ரயிலேறிவிட்டான் என்று சேதியும் வந்துவிட்டது. ஐஸ் கேட்டுப் போனவளிடம், "பாளமெல்லாம் மீன்பிடி போட்டுக்காரன் சொல்லிவச்சிட்டான்மா, மீன் கெட்டுப்போகும்லா" என்றார் முதலாளி. மீன் கெடவில்லை. மகன் வந்தபோது வாசலில் பந்தல் குழிகள் மட்டும் இருந்தன. அவன் அந்தக் குழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான், அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனான், அதற்குப் பிறகு தேரிமுனைப் பக்கம் வரவில்லை. தங்கப்புஷ்பம் தாலியை விற்றுப் பெட்டி வாங்கியது அதற்குப் பிறகு. வாடகையில் எவனுக்கும் ஒரு ரூபாய் விடமாட்டாள். ஆனால், பிள்ளை வந்து முகம் பார்க்கும் முன்னால் ஒரு பிணத்தையும் இந்த ஊரில் எடுக்கவிடமாட்டேன் என்று அவள் வைராக்கியம் வைத்திருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வாடகையைக் குறைக்கச் சொல்வார்கள்.

முதலாளியை அவளுடைய பெட்டியில்தான் கிடத்தினார்கள். ஆறு ஃபோகஸ் லைட் வைத்தார்கள். எடுத்த பிறகு மூத்த மகன் ராஜலிங்கம் பெட்டியைக் கூடத்து நடுவில் போட்டு, ஏசி வைத்து, ஜெனரேட்டரும் தயாராக வைத்து, பிளக்கைச் சுற்றி டேப் ஒட்டினான். பொன்னுலிங்கம் முதலாளி மினுங்கினார். மறுநாளும் மினுங்கினார். அந்த வாரம் பூராவும், சந்தை கூடிக் கலைந்த பிறகும், தொந்தியும் மோதிரமுமாக மினுங்கிக்கொண்டே இருந்தார்.

ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? கண்ணாடி பொய் சொல்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். ஊர் அப்படிச் சொல்லவில்லை. முதலாளியைப் பற்றித் தாங்கள் சொன்னதுதான் பொய் என்று சொன்னது. ஐஸுக்கு அவர் அநியாய விலை வாங்கியது, சாவு வீட்டில் வீண்செலவு செய்யக் கூடாது என்ற பாடத்தைப் படிப்பிக்கத்தான் என்றார்கள். கூலி கேட்டவனை அறைந்தது, சோம்பல் போக்கத்தான் என்றார்கள். அறை வாங்கியவனே வந்து கன்னத்தைத் தடவிக்காட்டி, "இந்தக் கன்னம்தான்" என்று பெருமைப்பட்டான். வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. கூடத்தில் உண்டியல் வைத்தார்கள், கோயில் கட்ட இடம் பார்த்தார்கள். திருநீறு கொடுக்க ஒருவன், கால்மாட்டில் நின்று விசிற ஒருவன் என்று ஆள் போட்டார்கள். ஐஸ் பெட்டிக்கு விசிறி!

தங்கப்புஷ்பம் வாடகை ஏறட்டும் என்று பொறுத்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் உப்பளத்தில் உப்பு வாருகிற இசக்கியம்மா, வெயிலில் மண்டை காய்ந்து, பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். அவளுக்கு இருந்தது ஒரே மகள், செண்பகவல்லி, மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிறாள். ஆத்தாளைப் பார்த்து நாலு வருஷம். மறுநாள் காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கி, மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்று போனில் கதறியிருக்கிறாள். தேரி மணல் செருப்பையும் மீறிச் சுடுகிற மாசம். தூத்துக்குடிக்குப் போன் போட்டால் அங்கேயும் பெட்டி காலியில்லை. முதலாளியின் ஐஸ் கம்பெனியோ துக்கத்துக்காகப் பூட்டிக் கிடந்தது.

"தங்கம், சாயங்காலத்துக்குள்ள எடுத்திருவோம்ங்காவ ஊர்ல. அந்தப் பிள்ள வந்து எதப் பாக்கும்?" என்று இசக்கியம்மாவோடு உப்பு வாருகிறவர்கள் வந்து நின்றார்கள்.

தங்கப்புஷ்பத்தின் கண்ணில் பந்தல் குழிகள் தெரிந்தன. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தவசியை வண்டி எடுக்கச் சொன்னாள்.

வரிசையை வெட்டிக்கொண்டு அவள் கூடத்துக்குள் நுழைந்தபோது ராஜலிங்கம் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, பெட்டி வேணும். ஒரு சாவு."

"என்னக்கா இப்படிப் பேசுதிய? எங்கய்யா உள்ள இருக்காவ."

"உங்கய்யாவ சுடுகாட்டுல வச்சு எரிச்சு, நீ மொட்டை போட்டு, அந்த மொட்டையில மயிரும் முளைச்சாச்சு. உள்ள யாருல இருக்கா?"

வரிசையில் நின்றவர்கள் "சிவ சிவ" என்று காதைப் பொத்தினார்கள். விரலிடுக்கில் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

ராஜலிங்கம் எழுந்து வந்து குரலைத் தாழ்த்தினான். "யக்கா, பெட்டிய எனக்கே குடுத்திருங்க. என்ன விலை சொன்னாலும் சரி."

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் அவள் ஆயுசு பூராவும் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேரம் பேசியிருந்தாள். என்ன விலை சொன்னாலும் சரி! ஒரு கணம் அவளுக்கே நாக்கு ஊறியது. அந்தப் பாழாய்ப்போன நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் கேட்டாள்: "உனக்குப் பெட்டி வேணுமா, அப்பன் வேணுமா?"

"அய்யாதான் வேணும்."

"உங்கய்யா எங்கன இருக்காரு? பெட்டியிலயா, கண்ணாடியிலயா?"

ராஜலிங்கம் யோசித்தான். "கண்ணாடியிலதான்."

"அப்ப கண்ணாடிய நீ வச்சுக்க. பெட்டிய நான் கொண்டுபோறேன். மூடிய விலைக்கே தந்திருதேன்." அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிற பாவனையில் நின்றாள். பிறகு, அவளுக்கே பிடிக்காத காரியம் ஒன்றைச் செய்தாள். சரக்கின் குறையைச் சொன்னாள். "ஆனா ஒண்ணு, முன்கூட்டியே சொல்லிட்டேன். பெட்டிய விட்டு எடுத்தா குளிரு போயிரும். குளிரு போச்சுன்னா வெளிச்சமும் போயிரும். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கப்பிடாது."

கூடமே சிரித்தது. விசிறிக்காரன் விசிறியை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"எங்கய்யாவா போவாரு?" என்றான் ராஜலிங்கம். "யக்கா, உங்களுக்கு எங்கய்யாவ எப்பவும் பிடிக்காது."

"அத இப்பவாவது கண்டுபிடிச்சியே" என்றாள். திருப்புளியோடு தவசி குனிந்துவிட்டான்.

மூடியைக் கழற்றி எடுத்துக் ஐஸ் கம்பெனிக் குளிர் அறைக்குள் நேரே கொண்டுபோய் வைத்திருந்தால் முதலாளி இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பாரோ என்னமோ. ஆனால் கொடுத்த விலைக்கு ஊருக்குக் காட்டாமல் வைக்க அவர்களுக்கு மனம் வருமா? நாதஸ்வரத்தைக் கூப்பிட்டார்கள். கண்ணாடியைப் பூப்பல்லக்கில் கிடத்தி, வெண்குடை பிடித்து, உச்சி வெயிலில் நாலு தெருவும் சுற்றக் கிளம்பினார்கள். முதல் தெருவில் சூடேறிக் கண்ணாடி பொங்கியது. முதலாளி பட்டப்பகலிலும் கண் கூசும்படி, மோதிரக் கல் தனியாகச் சுடர்விட, ஜொலித்தார். ஜனம் விழுந்து கும்பிட்டது. இரண்டாம் தெருவில் தொந்தி கரைந்தது. மூன்றாம் தெருவில் மூக்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடிவாதமாக நின்று, அதுவும் போயிற்று. நாலாம் தெருவை வெறும் கண்ணாடி சுற்றிவந்தது. "சோதியில கலந்துட்டாவ!" என்று ஒருவன் அலறியதும், எல்லாருக்கும் நிம்மதியாகப் போயிற்று. வீட்டு நடையில் இறக்கிவைத்த பிறகு, வெயிலைக் குடித்த கண்ணாடி மொத்தமும் ஒரே சீராகப் பச்சையாய் மினுங்கியது, நடுவில் குடைக்காம்பின் நிழல் மட்டும் கறுப்புக் கோடாக. அந்தக் கோட்டையும் விழுந்து கும்பிட்டார்கள்.

தங்கப்புஷ்பம் அதைப் பார்க்கவில்லை. பெட்டி கிடைத்தது, மூடி இல்லை. மூடி இல்லாமல் குளிர் நிற்காது. உப்பளத்துக்குப் போகிற வழியில் காஜாமைதீன் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவர் கடையில் பன்னும் வெண்ணெய் பிஸ்கட்டும் வைக்கிற ஷோகேஸுக்கு முன்கண்ணாடி ஒன்று நீளமாக இருந்தது.

"பாய், அதக் கழட்டும்."

"என்னம்மா, யாவார நேரத்துல?"

"இசக்கிக்கு. மக வாரா."

காஜாமைதீன் வேறு ஒன்றும் கேட்காமல் பிஸ்கட்டை எல்லாம் ஒரு பேப்பரில் கொட்டினார். அவர் அப்படிக் கேட்காமல் கொடுத்தது அவளுக்குச் சங்கடமாக இருந்தது. பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்கி அவளுக்குப் பழக்கமில்லை. "கீறியிருக்கு பாரும்" என்று வாய்ப்பழக்கத்துக்குச் சொன்னாள். "பத்திரமா திருப்பிக் கொண்டாங்க" என்றார் அவர்.

அந்தக் கண்ணாடியில் "கடன் அன்பை முறிக்கும்" என்று ஒரு ஸ்டிக்கர், உரித்தும் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அது கால்மாட்டுக்கு வரும்படி வைத்து, ஓரத்தில் ஈரத்துணி சுற்றி இறுக்கி, இசக்கியம்மாவைக் கிடத்தினார்கள். ஃபோகஸ் லைட் இல்லை. ஒரு குண்டு பல்பு எரிந்தது. தங்கப்புஷ்பம் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பிளக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். கரண்டு போனபோதெல்லாம் ஜெனரேட்டரை உதைத்தாள், அது மக்கர் பண்ணினால் அதன் பரம்பரையை வைதாள்.

மறுநாள் செண்பகவல்லி வந்தாள். ஏர்போர்ட்டில் கட்டிய சீட்டு கைப்பெட்டியில் தொங்க, ஓடி வந்து, யாரும் தூக்கி ஓரத்தில் உட்காரவைக்காததால் அப்படியே கண்ணாடிமேல் கவிழ்ந்தாள். அவள் அழவில்லை. கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். மஸ்கட் வீட்டு எஜமானி மீன் கழுவத் தெரியாதவள் என்று சொன்னாள், அனுப்பிய சேலையை ஏன் உடுத்தவே இல்லை என்று சண்டை பிடித்தாள், கழுத்தில் கிடக்கிற இந்தப் பாசிமணி யார் கொடுத்தது என்று கேட்டாள். நாலு வருஷத்துப் பேச்சு. "நேரமாகுது" என்று சொல்ல வாயெடுத்த ஒருவனைத் தங்கப்புஷ்பம் பார்த்த பார்வையில், அவன் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டான். மகள் பேசி முடித்து, தானாகவே எழுந்து, "எடுங்க" என்றாள். அப்புறம்தான் எடுத்தார்கள்.

எடுத்ததும், பழக்கதோஷத்தில், நாலு பேர் வந்து வெறும் பெட்டியை எட்டிப் பார்த்தார்கள். டீக்கடைக் கண்ணாடியில் என்ன இருக்கும்? கன்னம் வைத்த இடத்தில் ஈரம் இருந்தது. அதுவும் காய்ந்தது.

சாயங்காலம் அந்தக் கண்ணாடி திரும்பவும் ஷோகேஸில் ஏறி, பிஸ்கட் அதன் பின்னால் போய் உட்கார்ந்தது. பருத்திக்கொட்டை வியாபாரியின் மகன் அந்த பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே உச்சுக் கொட்டினான். "பாவம் இசக்கி. ஒரு மினுக்குக்கூட இல்ல. உப்புல கிடந்து என்ன பாவம் பண்ணாளோ!"

டீயை ஆற்றிக்கொண்டிருந்த தங்கப்புஷ்பம் டம்ளரைப் பலகையில் வைத்த சத்தத்தில் கடையே திரும்பியது. "பாக்க வேண்டியவ வந்து பாத்துட்டா. பேச வேண்டியதப் பேசிட்டா. அதுக்கப்புறம் அவ யாருக்காகல நிக்கணும்? உங்கப்பன் ஏம்ல அவ்வளவு நேரம் நின்னான்? பெத்த மகன் முகத்தப் பாப்பானான்னு நின்னான். நீ லைட்டப் பாத்துக்கிட்டிருந்த!"

அவள் ஆத்திரத்தில் சொன்னது அது. எதிரி விலையை இறக்குவதற்குச் சரக்கை மட்டம் தட்டுகிற மாதிரி, வாய்க்கு வந்ததை வீசியது. ஆனால் தேரிமுனை அதைத் தூக்கிக்கொண்டு போய் வேதமாக்கிவிட்டது. மினுங்குகிறவர்கள் எல்லாம் ஆசை அடங்காதவர்கள், பார்க்க ஆள் இல்லாதவர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் ஊர் முடிவு செய்தது. "விடிய விடிய ஒளிர்ந்த" பேனர்களை வீட்டுக்காரர்களே கிழித்தார்கள். தலைமையாசிரியர் குடும்பம், அவர் மினுங்கியதை நேரில் பார்த்தவர்களை எல்லாம் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது. பெண் பார்க்கிற வீட்டில், "எங்க வம்சத்துல ஒருத்தர்கூட மினுங்கினது கிடையாது" என்று கையடித்துச் சொன்னார்கள். முதலாளிக்குக் கோயில் கட்ட வாங்கிய செங்கல்லைக் கொண்டுபோய் ஒருவன் கக்கூஸ் கட்டினான். அவ்வளவு காலமும் கன்னத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தவனுக்குத் திடீரென்று அந்த அறை வலிக்க ஆரம்பித்தது.

ராஜலிங்கம் ஒருநாள் உச்சி வெயிலில் தங்கப்புஷ்பத்தின் கிடங்கு வாசலில் வந்து நின்றான். பட்டு இல்லை, சாதா வேட்டி.

"கண்ணாடியத் திருப்பித் தாரதா இருந்தா நடையக் கட்டு. அப்பவே சொன்னேன்" என்றாள், நாற்காலி அடுக்கிக்கொண்டே.

"அதுக்கில்லக்கா. கண்ணாடி கிடக்கட்டும்." அவன் சுற்றிலும் பார்த்துக்கொண்டான். "என் மகளுக்கு மாப்பிள்ள பாக்குறோம். ஊர்ல எங்கய்யாவப் பத்தி ஒரு மாதிரிப் பேசுதாவ. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாவ. எங்கய்யா மினுங்கவே இல்ல, அது டியூப்லைட்டு எதிரடிச்சதுன்னு சொல்லணும். என்ன கேட்டாலும் தாரேன்."

என்ன கேட்டாலும்! அதே குடும்பம், அதே வார்த்தை, இரண்டாம் தடவை. தங்கப்புஷ்பம் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். எவ்வளவு கேட்கலாம் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. போட்டு முடிக்குமுன் அவளுக்கு அலுத்துப்போயிற்று.

"எனக்கு அது தெரியாது தம்பி" என்றாள். "வெளிச்சம் இருந்துச்சு, பாத்தேன். அந்த வரிசையில நின்ன அத்தன பேரும் வெளிச்சத்தத்தான் பாத்தான். அதுல உங்கய்யா முகம் எப்படி இருந்துச்சுன்னு நான் பாக்கல. நீ பாத்தியா?"

ராஜலிங்கம் சட்டென்று பதில் சொல்ல வாயைத் திறந்தான். தொந்தி அவனுக்கு ஞாபகம் வந்தது, மோதிரம் ஞாபகம் வந்தது, கல்லின் நிறம்கூட ஞாபகம் வந்தது. செருப்பில்லாத காலோடு சுடுமணலில் நின்று அவன் தன் அப்பன் முகத்தைத் தேடிக்கொண்டே இருந்தான். தங்கப்புஷ்பம் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி முடித்துவிட்டு, "நிழல்ல வந்து நின்னு யோசில, காலு வெந்துரும்" என்றாள்.